பல்கலைக்கழக அறிவியல், பொறியியல் துறைகளில் வேலையும் ஆய்வு நிதியும்: தேடல் முதல் பணி ஆணை வரை முழுமையான வழிகாட்டி

"சூரிய மின்கலப் பொருட்கள் குறித்த ஆய்வுக்கு ஒரு பிஎச்டி இடம். நான்கு ஆண்டுகள். முழு நிதி உண்டு." இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டதும் பெரும்பாலோர் தேடுவது தகுதியையும் கடைசித் தேதியையும்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பணம் யாருடையது?

பல்கலைக்கழக ஆய்வில் ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு கால அளவும் சில நிபந்தனைகளும் உண்டு. உங்களைத் தேர்ந்தெடுப்பது யார், எப்போது தேர்ந்தெடுப்பார்கள், விண்ணப்பத்தில் எதைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். நல்ல மதிப்பெண்ணும் உண்மையான ஆர்வமும் இருந்தும், ஒரே விண்ணப்பத்தை ஐம்பது இடங்களுக்கு அனுப்பி, ஒரு பதிலும் வராமல் மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

மூன்று பைகள் உண்டு.

முதலாவது, பல்கலைக்கழகத்தின் பை. துறையே மாணவரைச் சேர்த்து, பாடம் எடுக்கவும் விடைத்தாள் திருத்தவும் வைத்து உதவித்தொகை தரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், பொறியியல் பிஎச்டி மாணவர்களில் பலர் தொடங்குவது இப்படித்தான். இங்கே முடிவெடுப்பது ஒரு சேர்க்கைக் குழு. அதில் உங்கள் தலைப்பைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

இரண்டாவது, பேராசிரியரின் ஆய்வு மானியம். அவர் ஒரு நிதி அமைப்பிடம் திட்டம் எழுதி வாங்கிய பணம். ஆய்வு உதவியாளர், புராஜெக்ட் பணி, பெரும்பாலான போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த பின் செய்யும் ஆய்வுப் பணி) இடங்கள் எல்லாம் இதில் வரும். முடிவு ஏறக்குறைய அவர் ஒருவருடையது. திட்டத்தில் எழுதிக் கொடுத்த வேலையை முடித்துத் தரும் ஆள் அவருக்கு வேண்டும். உங்கள் சொந்தக் கனவுத் திட்டத்தை இங்கே நான்கு பக்கம் விவரிப்பதில் பயனில்லை. கேட்கப்பட்ட வேலையைச் செய்ய உங்கள் கைக்குத் தெரியும் என்று காட்டினால் போதும்.

மூன்றாவது, உங்கள் பெயரிலேயே வரும் ஃபெல்லோஷிப். வெளியே உள்ள ஒரு குழு உங்கள் திட்டத்தையும் உங்களையும் மதிப்பிட்டுத் தரும் பணம். இதில்தான் உங்கள் சொந்த யோசனைக்கு முழு இடம் உண்டு. கையில் ஃபெல்லோஷிப் இருந்தால் ஆய்வகங்களின் கதவு சீக்கிரம் திறக்கும், ஏனென்றால் உங்களுக்காக அவர்கள் பணம் தேட வேண்டியதில்லை.

சில இடங்களில் இரண்டு பைகள் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தில் உள்ள முனைவர் வலையமைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு கூட்டமைப்புக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் பத்துப் பன்னிரண்டு இடங்களும் தனித்தனியாக விளம்பரமாகும். ஒவ்வொன்றுக்கும் வேறு நாட்டில் வேறு நெறியாளர் இருப்பார். அங்கே நெறியாளருக்கான எழுத்தும் வேண்டும், கூட்டமைப்பின் நோக்கத்தைப் படித்திருக்கிறீர்கள் என்ற தடயமும் வேண்டும்.

படி 2: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

பிஎச்டிக்கு முன்னால் உள்ள கட்டத்தைப் பலர் வீணடித்துவிடுகிறார்கள். ஓர் ஆண்டு ஆய்வு உதவியாளராக வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பவரின் பரிந்துரைக் கடிதமே வேறு மாதிரி இருக்கும். இத்தாலியின் திரியெஸ்தே நகரில், 1964-இல் அப்துஸ் சலாம் நிறுவிய ஐசிடிபி என்ற கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாட்டு மாணவர்களுக்கு முழு உதவித்தொகையுடன் ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கோடைகால மாணவர் திட்டத்தில், உறுப்பு நாடு அல்லாத நாடுகளின் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளின் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. படிப்புக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

பிஎச்டி என்ற ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு வேறு பொருள் தரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்கத் தொடங்கக் கூடாது. நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய நாடுகளில் பிஎச்டி ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர். நெதர்லாந்தில் வழக்கமாக நான்கு ஆண்டு, டென்மார்க்கில் மூன்று. முதுநிலைப் பட்டம் பொதுவாக வேண்டும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு சேரலாம், ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேலும் ஆகும். ஜெர்மனியில் டிவி-எல் இ13 என்ற சம்பளப் படியில் 50, 65, 75 சதவீதப் பணி என்று விளம்பரம் வரும். சம்பளம் அந்தச் சதவீதப்படிதான். வேலை பெரும்பாலும் முழு நேரம்தான். பிரிட்டனில் ஆய்வு மன்றங்களின் நிதி இடங்கள் 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கின்றன, ஆனால் அவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் கட்டணத்தையும் உதவித்தொகையையும் ஆர்டிபி என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டம் தருகிறது.

போஸ்ட்டாக் கட்டத்துக்கு அடுத்து ஆசிரியப் பணி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியை நடத்தும் வல்லுநர், பெரிய ஆய்வுக் கருவிகளின் பொறுப்பு விஞ்ஞானி, ஆய்வக மேலாளர், ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று எத்தனையோ பதவிகள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உண்டு. கடைசியாகச் சொன்ன பதவிக்கு அந்தப் பெயர் வந்ததே 2012-இல் பிரிட்டனில்தான். இன்றைக்குப் பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்று தனிக் குழுவே இயங்குகிறது. கட்டுரை எழுதுவதைவிடக் கருவியோடும் நிரலோடும் இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்றால், இந்தப் பக்கம் தயங்காமல் போங்கள்.

படி 3: நாள்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

அமெரிக்கப் பிஎச்டி சேர்க்கையின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். படிப்பு தொடங்குவது அடுத்த ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளுக்கு ஏறக்குறைய அக்டோபர் முதல் ஜனவரி வரை. மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாக செப்டம்பரில் கடைசி நாள். அமெரிக்க ஆசிரியப் பணி விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை குவியும். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு ஆண்டு முழுக்க எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பேராசிரியரின் மானியத்திலிருந்து வரும் இடங்களுக்குப் பருவமே கிடையாது. பணம் வந்ததும் விளம்பரம் வரும், சில சமயம் மூன்றே வாரத்தில் மூடிவிடும்.

செப்டம்பரில் கடைசித் தேதி என்றால், ஆய்வுத் திட்டத்தை நெறியாளரிடம் காட்டித் திருத்த ஆகஸ்ட் வேண்டும். அதற்கு முதல் வரைவு ஜூலையில் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் நெறியாளரிடம் முதல் மெயில் போக வேண்டியது ஏப்ரலில். ஆகஸ்ட் கடைசியில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் எழுதப்படும் திட்டம் தேறுவது மிக அரிது.

படி 4: தேடும் இடங்கள், அப்புறம் பலர் தேடாத இடம்

ஐரோப்பிய இடங்களுக்கு யூராக்ஸெஸ். பிரிட்டனுக்கு ஜாப்ஸ் ஏசி யூகே. பிஎச்டி இடங்களுக்கு ஃபைண்ட் ஏ பிஎச்டி. அறிவியல் துறைகள் அனைத்துக்கும் நேச்சர் கேரியர்ஸ், சயின்ஸ் கேரியர்ஸ். கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ், வானியலுக்கு அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேடு, துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர். இவற்றில் உங்கள் துறைச் சொற்களைக் கொடுத்து, புதிய விளம்பரம் வந்தால் மெயில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'பொறியியல்' என்று போட்டால் வெள்ளமாக வரும். 'நுண்பாய்மவியல்' என்று போட்டால் படிக்கக்கூடிய அளவில் வரும்.

பலர் தேடாத இடம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நன்றியுரைப் பகுதியில், எந்த நிதி அமைப்பு, எந்த மானிய எண் என்று எழுதியிருப்பார்கள். நிதி அமைப்புகள் பலவும் தாங்கள் கொடுத்த மானியங்களைப் பொதுவில் பட்டியலிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மன் ஆய்வு மன்றத்துக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்க மருத்துவ ஆய்வுக்கு என்ஐஎச் ரிப்போர்ட்டர், அமெரிக்க அறிவியல் அறக்கட்டளைக்கு அவார்ட் சர்ச். அந்த எண்ணையோ பேராசிரியரின் பெயரையோ இட்டால், திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிடும்.

திட்டம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறதா? ஆள் எடுப்பதற்கான வாய்ப்பு அதிகம். இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறதா? அந்தப் பணத்தில் புதிய பிஎச்டி இடம் வராது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்கநிலை மானியம் ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை போகும். ஒவ்வொரு முறையும் வெற்றி பெற்றவர்களின் பட்டியலை அந்த மன்றம் வெளியிடுகிறது. அதில் இடம்பெற்ற ஒருவர் அடுத்த சில மாதங்களில் தன் குழுவைக் கட்டப்போகிறார் என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் வருவதற்கு முன்பே அவருக்கு எழுதுகிறவரும், வந்த பின் இருநூறு பேரில் ஒருவராக எழுதுகிறவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

படி 5: தகுதி விதியை இரண்டு முறை படியுங்கள்

இதில் தவறினால் எவ்வளவு நல்ல திட்டமும் படிக்கப்படாமலே போகும்.

அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் புகழ்பெற்ற பட்டமேற்படிப்பு ஃபெல்லோஷிப், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தரும் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை இதற்கு நேர் எதிர்: பிரிட்டன் குடிமக்கள் விண்ணப்பிக்க முடியாது. ஷ்மிட் சயின்ஸ் ஃபெல்லோஸ் என்ற போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு நீங்களாக விண்ணப்பிக்க வழியில்லை, உங்கள் பல்கலைக்கழகம் பரிந்துரைக்க வேண்டும். ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டு அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் தரும் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பில், விண்ணப்பம் பெரும்பாலும் அங்கே உங்களை ஏற்கும் ஆய்வாளர் வழியாகத்தான் போகும். ஹம்போல்ட்டில் பிஎச்டி முடித்து நான்கு ஆண்டுக்குள் இருந்தால் ஒரு பிரிவு, பன்னிரண்டு ஆண்டுக்குள் இருந்தால் இன்னொரு பிரிவு.

மேரி கியூரியில் இடப்பெயர்வு விதி என்று ஒன்று உண்டு. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதில் சிக்கினார். பதினோரு மாதம்தான் இருந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். பழைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு மாதமும் மூன்று வாரமும். நான்கு மாத உழைப்பு போயிற்று. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட் முத்திரைகளையும் ஒப்பந்தத் தேதிகளையும் வைத்து, மாதம் மாதமாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

ஆண்டுக் கணக்கு வைக்கும் விதிகளில், குழந்தைப் பேற்று விடுப்பு, நீண்ட நோய், கட்டாய ராணுவப் பணி போன்றவற்றுக்குப் பல அமைப்புகள் கூடுதல் காலம் தருகின்றன. 'எனக்கு வயதாகிவிட்டது, காலம் தாண்டிவிட்டது' என்று விதியைப் படிக்காமலே விலகியவர்களில் பெண்கள் அதிகம். சலுகை எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். அது உங்கள் உரிமை. சந்தேகம் இருந்தால் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பேராசிரியருக்கு முதல் மெயில்

வழக்கமாக வரும் மெயில் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள மிகுந்த ஆர்வமாக உள்ளேன். எனக்கு நானோ தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, ஆற்றல் ஆகிய துறைகளில் ஈடுபாடு உண்டு. என் சிவியை இணைத்துள்ளேன்." இதை யாருக்கும் அனுப்பலாம். அதனால்தான் யாரும் பதில் போடுவதில்லை.

இன்னொன்றைப் பாருங்கள் (பெரோவ்ஸ்கைட் என்பது சூரிய மின்கலப் பொருட்களில் ஒன்று): "உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில், பெரோவ்ஸ்கைட் படலத்தின் திறன் 85 டிகிரி வெப்பத்தில் 500 மணி நேரத்துக்குப் பிறகு சரிவதைக் காட்டியிருந்தீர்கள். என் முதுநிலை ஆய்வில் இதே வகைப் படலங்களைச் சுழற்சிப் பூச்சு முறையில் தயாரித்து, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவால் ஆராய்ந்தேன். விளிம்புகளில் சிதைவு முதலில் தொடங்குவதைக் கண்டேன். உங்கள் மாதிரிகளிலும் அப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன். இந்தத் திட்டத்தில் அடுத்த ஆண்டு பிஎச்டி இடம் வர வாய்ப்பு உண்டா? அல்லது நான் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தால் ஏற்பீர்களா?"

ஆறே வரிதான். படித்திருக்கிறார், கை வேலை தெரியும், ஒரு கேள்வி கேட்கிறார், பணத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. தலைப்பு வரியில் 'பிஎச்டி இடம் குறித்து: 2 ஆண்டு முன்னனுபவம், பெரோவ்ஸ்கைட் சிதைவு' என்பது போல விஷயத்தைப் போடுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒரே துறையில் உள்ள ஐந்து பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள், அவர்கள் ஒரே நடையில் எதிரெதிர் அறைகளில் இருப்பவர்கள், பேசிக்கொள்வார்கள்.

பதில் வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. அந்தக் குழுவின் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது நெறியாளரைச் சந்திக்க முடிகிறதா, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் எத்தனை பேர் விலகினார்கள் என்று கேளுங்கள். அடுத்த நான்கைந்து ஆண்டு உங்கள் நாட்கள் எப்படிப் போகும் என்பதை ஆய்வுத் தலைப்பைவிட இந்தப் பதில்கள்தான் சொல்லும்.

படி 7: ஆவணங்கள்

சிவியில் வரிசை முக்கியம். ஆய்வு அனுபவம், கையாளத் தெரிந்த கருவிகள், மென்பொருள், கட்டுரைகள் ஆகியவை மேலே வர வேண்டும். வெளியான கட்டுரை, ஏற்கப்பட்டது, பரிசீலனையில் உள்ளது, எழுதிக்கொண்டிருப்பது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இவற்றைக் கலந்து எழுதி நேர்காணலில் பிடிபட்டால் மீள்வது கடினம். ஓர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இன்றே வாங்கிவிடுங்கள், இலவசம்தான். ஒரே பெயரில் பலர் இருக்கும்போதும், முதல் எழுத்து முன்னும் பின்னும் மாறி அச்சாகும்போதும் அது உங்களைக் காப்பாற்றும்.

பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2019-இல் முன்வைத்த விவரிப்பு சிவியைப் பின்பற்றி, பல நிதி அமைப்புகள் இப்போது கட்டுரைப் பட்டியலைவிட உங்கள் பங்களிப்பைச் சொற்களில் கேட்கின்றன. மாணவர்களுக்குக் கற்றுத்தந்தது, தரவைப் பொதுவில் வைத்தது, ஆய்வக நிரலை எழுதிப் பராமரித்தது எல்லாம் அதில் எழுதத் தக்கவை.

ஆய்வுத் திட்டத்துக்கு வருவோம். மேரி கியூரி போஸ்ட்டாக் திட்டத்தில் மதிப்பெண் பிரிவதே ஒரு பாடம்: ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் முறைக்கு 20. அருமையான யோசனை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது பின்னால் உள்ள 50-இல்தான். "இந்த ஆய்வு ஆற்றல் துறையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவரும்" என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "முதல் ஆறு மாதத்தில் மூன்று வகைப் பூச்சுகளைத் தயாரித்து ஒப்பிடுவேன். எதுவும் 500 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால், நான்காவதாகப் பாலிமர் இடைப்படலத்துக்கு மாறுவேன். அதற்கான கருவி ஏற்கெனவே இந்த ஆய்வகத்தில் உள்ளது." என்ன செய்வார், தோற்றால் என்ன செய்வார், எங்கே செய்வார் என்று மூன்றும் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டன. மதிப்பீட்டாளர் ஒரே வாரத்தில் பல விண்ணப்பங்கள் படிப்பவர். அவருக்கு நிம்மதி தருவது இந்த மாதிரி வாக்கியங்கள்தான்.

நோக்க அறிக்கையில் சிறுவயதில் வானத்தைப் பார்த்து வியந்த கதை வேண்டாம். நீங்கள் செய்த ஒரு சோதனை, அதில் வந்த சிக்கல், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஒரு பத்தியில் சொல்லுங்கள். பம்பு கசிந்ததை இரண்டு நாள் தேடிப் பிடித்த கதைகூட நல்ல கதைதான்.

படி 8: பரிந்துரைக் கடிதம்

பதவி பெரியவரா என்று பார்க்காதீர்கள், உங்களோடு வேலை செய்தவரா என்று பாருங்கள். "என் வகுப்பில் முதல் பத்து மாணவர்களில் ஒருவர்" என்று துறைத் தலைவர் எழுதும் நான்கு வரியைவிட, உங்கள் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்த உதவிப் பேராசிரியரின் ஒரு பக்கம் கனமானது.

கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் முன்பே கேளுங்கள். "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்றே கேட்கலாம், தயங்கினால் நன்றி சொல்லி வேறொருவரிடம் போய்விடுங்கள். ஒப்புக்கொண்டவருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு அனுப்புங்கள்: எந்த இடம், யார் பணம், எதை எடை போடுவார்கள், உங்களோடு சேர்ந்து செய்த வேலையில் எவற்றை அவர் சொன்னால் உதவும், பதிவேற்ற வேண்டிய தேதி. சில இடங்களில் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக்குழுவுக்குத் தெரிந்துவிடும். குறிப்புகளாக மட்டும் கொடுத்து, அவர் சொற்களில் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

படி 9: நேர்காணல்

பிஎச்டி, போஸ்ட்டாக் நேர்காணலில் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிட உரை கேட்பார்கள். பத்து நிமிடம் என்றால் எட்டு ஸ்லைடு போதும். ஒவ்வொரு வரைபடத்துக்கும் முதலில் இரண்டு அச்சுகளும் என்ன என்று சொல்லுங்கள், பிறகு முடிவைச் சொல்லுங்கள். உங்கள் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். "தெரியவில்லை, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்" என்பது நல்ல பதில்.

ஆசிரியப் பணிக்கு வளாக நேர்காணல் ஒன்றிரண்டு நாள் நீளும். பொது உரை, தனித்தனிச் சந்திப்புகள், சில துறைகளில் ஸ்லைடே இல்லாமல் பலகை முன் நின்று எதிர்காலத் திட்டத்தை விளக்கும் சாக் டாக். இந்தக் கடைசியில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் முதல் மானிய விண்ணப்பம் எது, முதல் மாணவருக்கு எந்த வேலை கொடுப்பீர்கள், பழைய நெறியாளரின் ஆய்விலிருந்து உங்கள் ஆய்வு எங்கே பிரிகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை தயாராக இருக்க வேண்டும். நண்பர்கள் இருவரை உட்காரவைத்து, குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

படி 10: பணி ஆணையைப் படித்தல்

மகிழ்ச்சியில் இதை அவசரமாகக் கையெழுத்திட்டுவிடுகிறோம். நிதானமாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

இது சம்பளமா, உதவித்தொகையா? எண் ஒன்றாகவே இருந்தாலும் பொருள் வேறு. சம்பளம் என்றால் பல நாடுகளில் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, பேறுகால விடுப்பு எல்லாம் சேர்ந்து வரும். உதவித்தொகை என்றால் இவற்றில் சிலவற்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். எத்தனை மாதத்துக்கு உறுதி, 'நிதி இருந்தால் நீட்டிக்கப்படும்' என்ற வரி எங்கே வருகிறது, படிப்புக் கட்டணம் முழுவதும் அடங்குமா, வெளிநாட்டவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவார்கள், விசா செலவும் பயணச் செலவும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் முதுநிலைக் கல்வி மன்றத்தின் ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுடன் கூடிய சேர்க்கைக்கு அந்தத் தேதிக்கு முன்பே பதில் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மார்ச் மாதமே அழுத்தம் கொடுத்தால், அந்தப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மரியாதையாக அதைச் சுட்டிக்காட்டலாம்.

ஆசிரியப் பணியில் தொடக்க நிதியைப் பேசி வாங்க வேண்டும். கருவிகளுக்கு விலைப்பட்டியல் வாங்கி, மாணவர்களுக்கான ஆண்டுச் செலவைக் கூட்டி, ஆய்வக இடம், மின்சார வசதி, வாயுக் குழாய், முதல் ஆண்டில் பாடச் சுமைக் குறைப்பு என எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன துறைத் தலைவர் அடுத்த ஆண்டு மாறிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பக் கட்டணம் இருப்பது வழக்கம், பல இடங்களில் கேட்டால் விலக்கும் தருவார்கள். ஆனால் வேலை தருவதற்கோ ஃபெல்லோஷிப் பணத்தை 'விடுவிப்பதற்கோ' முன்பணம் கேட்டால் அது மோசடி. மெயில் முகவரியின் கடைசிப் பகுதி பல்கலைக்கழகத்துடையதா என்று பாருங்கள். பேராசிரியரின் பெயரைப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தேடி, அங்குள்ள முகவரிக்கு எழுதி உறுதி செய்யுங்கள்.

படி 11: கிடைக்காதபோது

போட்டி கடுமையானது. நல்ல விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படும். மேரி கியூரியில் மதிப்பீட்டு அறிக்கை உங்களுக்கே அனுப்பப்படும். 85 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பணம் கிடைக்காதவர்களுக்குத் தரச் சான்று ஒன்று தருகிறார்கள், சில நாடுகளும் பல்கலைக்கழகங்களும் அதைக் காட்டினால் தங்கள் பணத்தில் ஏற்கின்றன. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டே திரும்ப விண்ணப்பிக்க முடியாதபடி விதி வைத்திருக்கிறார்கள். அரைகுறையாக எழுதி 'போட்டுப் பார்ப்போம்' என்று அனுப்புவதற்கும் விலை உண்டு.

அறிக்கை வந்த அன்று அதைத் திறந்து ஒரு முறை படித்துவிட்டு மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள். ஆய்வைப் பற்றிய குறைகளுக்கு ஒரு நிறம், எழுத்தால் வந்த குழப்பங்களுக்கு இன்னொரு நிறம். நான் என்னுடைய அறிக்கையில் இப்படிக் கோடிட்டபோது பதினொன்றில் எட்டு இரண்டாவது நிறத்தில் விழுந்தன. மதிப்பீட்டாளர் கேட்டவற்றில் பாதி, ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சோதனைகளில் எதையும் மாற்றாமல், வரிசையையும் தலைப்புகளையும் மாற்றி, ஒன்பதாம் பக்க அட்டவணையை மூன்றாம் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கோப்பை வேறொரு நிதி அமைப்பின் படிவத்துக்குப் பொருத்தி அனுப்பினேன். அந்தத் தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.